முதல் நாள் உறை

சோமசேகரத்திடம் குடி இல்லை, சூது இல்லை, வெற்றிலைகூட இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. நாடு எதையாவது கொண்டாடி, அதற்கென்று அரசாங்கம் ஒரு முத்திரையோ காசோ வெளியிட்டால், அது அவருடைய அலுமாரிக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். சுதந்திரத்தின் முதலாம் ஆண்டுக்கு வந்த சிங்கக்கொடி முத்திரை, மகாராணி வந்தபோது வெளியிட்ட முத்திரை, புத்த ஜயந்திக்கு அடித்த ஐந்து ரூபாய் வெள்ளிக்காசு எல்லாம் அங்கே இருந்தன. துறைமுகத்தில் கிளாக்கர் வேலை பார்க்கிற மனிசனுக்கு இது ஒரு கௌரவமான பைத்தியம் என்றுதான் திருகோணமலையில் சனம் நினைத்தது.

முத்திரை விஷயத்தில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். முத்திரை வெளிவருகிற அன்றைக்கே, தன் பெயரும் விலாசமும் எழுதிய உறையில் அதை ஒட்டி, அன்றைய திகதியோடு தபால்கந்தோர்ச் சீல் விழவேண்டும். அதற்குப் பெயர் முதல் நாள் உறை. ஒரு நாள் பிந்திய சீல் அவருக்குக் குப்பை. இருபத்துமூன்று வருஷமாக ஒரு முத்திரையையும் அவர் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறார். தகப்பன் செத்த எட்டாம் நாளில் போயிருக்கிறார்.

அவருக்குச் சீல் குத்திக் கொடுப்பவர் உபதபால்கந்தோரில் வேலை செய்த ஜவாஹிர். கிண்ணியாவிலிருந்து தினமும் தோணியில் குடாவைக் கடந்து வேலைக்கு வருகிறவர். சீலின் வட்டம் பாதி முத்திரையிலும் பாதி உறையிலும் விழும்படி, மை பிசகாமல், ஒரே குத்தாகக் குத்துவார். அந்தக் கைக்காகவே சோமசேகரத்துக்கு அவர்மேல் தனி மரியாதை.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சீவியத்தில் வந்து விழுந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்திரண்டு மே மாதம் இருபத்திரண்டாம் திகதி. நாடு அன்றைக்குக் குடியரசாகிறது. அதற்கு முத்திரை வருகிறது. தமிழ் ஊர்களிலோ அன்றைக்கு ஹர்த்தால், வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி.

ஹர்த்தாலை அந்தப் பகுதியில் நடத்தியவன் வேறு யாருமில்லை, மனைவி புஸ்பராணியின் தம்பி கனகசுந்தரம்தான். இருபத்துநாலு வயது. பாலையூற்றில் ஒரு அறையில் படுக்கை, சாப்பாடு அக்கா வீட்டில். தாய் செத்த பிறகு அவனை வளர்த்தவள் அக்காதான். அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே அவன் சொன்னான்.

"அத்தான், நாளைக்கு நீங்கள் தபால்கந்தோர்ப் பக்கம் வரக்கூடாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

சோமசேகரத்துக்குச் சுள்ளென்று ஏறியது. கூரையில் கறுப்புக்கொடி கட்டியது யார் என்று கேட்டார். அவர்தான் கட்டினார், அதுவும் மனதாரத்தான் கட்டினார். அந்தக் குடியரசில் தமிழனுக்கு ஒன்றும் கிடைக்காது என்று கந்தோரில் வாய்விட்டுச் சொன்னவரும் அவர்தான். ஆனால் கொடி அதன் பாட்டில் பறக்கட்டும், முத்திரை அதன் பாட்டில் கிடக்கட்டும் என்பது அவருடைய கட்சி. கனகசுந்தரத்துக்கு அந்தக் கட்சி விளங்கவில்லை. விளங்கப்படுத்த இவருக்கும் ஏலாமல் போயிற்று. புஸ்பராணி இருவருக்கும் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, வெள்ளைச் சேட்டின் பையில் கறுப்புத்துணித் துண்டு ஒன்றைக் குத்திக்கொண்டு, மீன்சந்தைக்குப் பின்னாலிருந்த ஒழுங்கையால் அவர் நடந்தார். கடையெல்லாம் பூட்டு. நாய்கள் மட்டும் தெருவின் நடுவே படுத்திருந்தன. உபதபால்கந்தோரை முத்திரைக்காக இரண்டு மணித்தியாலம் திறந்திருந்தார்கள். முன்வாசலில் ஹர்த்தால் பெடியன்கள் நின்றதால் அவர் பின்கதவைத் தட்டினார். ஜவாஹிர் திறந்தார். முகம் நன்றாக இல்லை. முத்திரை எங்கே ஓடிவிடப்போகிறது, கிளாக்கர் நாளைக்கு வந்திருக்கலாமே என்றார். நாளைக்கு வந்தால் நாளைத் திகதி அல்லவா விழும் என்றார் இவர். ஜவாஹிர் மணிக்கூட்டைப் பார்த்துச் சீலின் நேரத்தை ஒன்பதே முக்காலாகத் திருப்பி, ஒரே குத்தாகக் குத்தினார். அருமையான குத்து.

வாங்கினவர் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தவழியே போயிருந்தால் ஒரு கதையும் இல்லை. ஆனால் முத்திரை சேர்க்கிற ஆள் அப்படிச் செய்யமாட்டான். மை ஈரம். சட்டைக்குள் வைத்தால் இழுபட்டுவிடும். ஆகையால் சோமசேகரம் உறையைக் கையில் விரித்துப் பிடித்து, வாயால் ஊதி ஊதி, நடு ஒழுங்கையால் நடந்து வந்தார். ஊதின மும்முரத்தில் எதிரே வந்தவர்களை அவர் காணவில்லை.

ஏழெட்டுப் பேர். முன்னுக்குக் கனகசுந்தரம், கையில் கிரிக்கெட் விக்கெட் பொல்லு ஒன்று. ஒருவன், ஊர் முழுக்க அடங்கிக் கிடக்கக் கனகனின் சொந்த அத்தான்தான் முதலாவது முத்திரை வாங்கியிருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். கனகசுந்தரத்தின் முகம் கறுத்தது. அந்நிய ஆள் என்றால் இரண்டு அறையோடு விட்டிருப்பான். சொந்தக்காரர் என்றபடியால் அவனுக்குக் குறைத்து அடிக்க ஏலாமல் போயிற்று.

முதல் அறையில் மூக்குக்கண்ணாடி பறந்தது. இரண்டாவதில் மூக்கு உடைந்தது. உறை நிலத்தில் விழுந்தது, அதன்மேல் இரத்தம் சொட்டியது. அதை எடுக்கக் குனிந்தவரை இரண்டு பேர் அப்படியே அமர்த்திப் பிடித்தார்கள்.

"எந்தக் கையால ஒட்டினனீங்கள்?" என்று கனகசுந்தரம் கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். மனிசன் வலது கை என்றார். ஒழுங்கை மதகின் கட்டில் அவருடைய வலது கையை விரித்துப் பிடித்தார்கள். பொல்லு இறங்கியது. சின்னவிரல். அவர் கத்தினார். மோதிரவிரல். அவருக்குக் கத்த மூச்சு வரவில்லை. நடுவிரலுக்கு விழுந்தபோது எலும்பு முறிகிற சத்தம் அவருக்கே கேட்டது. பொல்லு நாலாம் தரம் உயர்ந்து, அப்படியே நின்றது.

"மூண்டோட நிப்பாட்டுறன், அத்தான். அக்காவுக்காக."

போகிறபோது ஒருவன் உறையை மிதித்துக்கொண்டு போனான். செருப்பின் அச்சு அதில் அப்படியே விழுந்தது.

வீட்டுக்கு வந்த சோமசேகரம் நேரே குசினிக்குப் போனார். ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்து, இடது கையால் உறையின் முத்திரை மூலையைக் கிழித்து அதற்குள் போட்டார். கை கருணைக்கிழங்காய் வீங்கிக் கிடக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, மனிசன் முத்திரையை ஊறவைக்கிறார். புஸ்பராணி வந்து பார்த்தபோது தண்ணீர் ரோசா நிறமாகியிருந்தது. உறை பழுதாய்ப்போனால் முத்திரையையாவது காப்பாற்றவேண்டும் என்பது பழக்கதோஷம். முதல் நாள் உறையிலிருந்து முத்திரையைப் பிரித்தால் அது முதல் நாள் உறையே இல்லை என்பது, முத்திரை மிதந்து மேலே வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சீலின் பாதி வட்டம் முத்திரையோடு போய்விட்டது, மற்றப் பாதி கடதாசித் துண்டில் நின்றது. அப்போதுதான் அவர் அழுதார். கைக்காக அழுகிறார் என்று நினைத்து அவள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மருந்து கட்டுகிற ஓடலி ஒருவன் கையை மேசையில் வைத்து மணிக்கட்டு வரை கட்டுப்போட்டு விட்டான்.

மூன்று மணிக்குக் கனகசுந்தரம் வந்தான். முற்றத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். புஸ்பராணி கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து வந்து அடிக்கத் தொடங்கினாள். முதுகு, தோள், தலை என்று பார்க்கவில்லை. அவன் ஒதுங்கவும் இல்லை, கையால் தடுக்கவும் இல்லை. தடி முறிந்த பிறகு முறிந்த துண்டால் அடித்தாள். சோமசேகரம் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அடிக்கட்டும் என்றுதான் அவருக்கு இருந்தது.

அந்த நேரத்தில்தான் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. நாலு பேர் குதித்தார்கள். துவக்குப் பிடி ஒன்று கனகசுந்தரத்தின் வாயில் இறங்கியது. விழுந்தவனை வயிற்றில் உதைத்து, தலைமயிரில் பிடித்து இழுத்தார்கள். குறுக்கே விழுந்த புஸ்பராணியை ஒருவன் தள்ளிவிட்டான். பாலையூற்றில் காலையில் ஒரு பஸ்ஸைக் கொளுத்தியிருக்கிறார்கள், உள்ளே அகப்பட்ட கொண்டக்டர் மத்தியானம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான், கொளுத்தினது இவன்தான் என்று ஒருவன் பெயர் கொடுத்திருக்கிறான் என்று ஒரு சார்ஜன்ட் சொன்னான். பஸ் எரிந்தது ஒன்பதே முக்காலுக்கு.

புஸ்பராணி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ஜீப் இயங்கிக்கொண்டு நின்றது. அந்த நேரம் இவன் என் விரலை உடைத்துக்கொண்டு நின்றான் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். சோமசேகரத்தின் வாய் திறக்கவில்லை. பயம் என்று பிறகு அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பயமில்லை. கொண்டுபோகட்டும் என்று நினைத்தார், அதுதான் உண்மை.

அவசரகாலச் சட்டம் இருந்த காலம். பிடித்தவனைக் கேட்க ஆளில்லை. மறுநாள் மத்தியானம் கொழும்புக்கு அனுப்பப்போகிறார்கள் என்றும், அங்கே போனால் தூக்குக்கயிறு, இல்லாவிட்டால் போகும் வழியிலேயே கதை முடிந்துவிடும் என்றும் அயலில் பேசிக்கொண்டார்கள். புஸ்பராணி கெஞ்சவில்லை, சண்டை பிடிக்கவில்லை. முற்றத்து மண்ணில் எதையோ தேடி எடுத்துக் கழுவினாள். காலையில் சோமசேகரம் அலுமாரியைத் திறந்து காசுப்பெட்டியைப் பார்த்தார். பஞ்சின்மேல் வெள்ளிக்காசுக்குப் பக்கத்தில் கனகசுந்தரத்தின் முன்பல் இருந்தது.

அவர் பெட்டியை மூடினார். உறையையும் கிழித்த மூலையையும் முத்திரையையும் ஒரு புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய கடற்படைக் களஞ்சியம் ஒன்றில் அப்போது தற்காலிகமாக ஒரு பொலிஸ் காவலிடம் இருந்தது, கனகசுந்தரத்தை அங்கேதான் வைத்திருந்தார்கள். பொறுப்பாயிருந்த இன்ஸ்பெக்டர் சிங்களவர், கிழக்கில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவருக்கு உண்மையான ஆள் வேண்டும், அகப்பட்ட ஆள் போதாது. அந்த அளவுக்கு நல்ல மனிசன்தான். சோமசேகரம் சொன்னதை முழுதாகக் கேட்டார். மேசையில் இரத்தமும் செருப்பு அச்சுமாகக் கிடந்த உறையைப் பார்த்தார். முத்திரை வேறாக, உறை வேறாக இருக்கிறதே, இதென்ன சாட்சி என்று கேட்டார்.

சோமசேகரம் கிழித்த மூலையை உறையோடு பொருத்தி, அதன்மேல் முத்திரையை இடது கையால் நகர்த்தி நகர்த்தி வைத்தார். அரை வட்டமும் அரை வட்டமும் ஒட்டின. இருபத்திரண்டு மே, காலை ஒன்பதே முக்கால்.

ஜவாஹிரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைத் திருப்பிக் குத்தியது தான்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். பின்னால் அடிவிழுந்த சத்தம் கேட்டது, ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றபடியால் ஆளைக் காணவில்லை என்றும் சொன்னார். தன் வாப்பா மேல் ஆணையிட்டவர் ஒரு சொல் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அடித்தபோது கனகசுந்தரத்தோடு நின்ற பெடியன்களோ ஊரிலேயே இல்லை.

இன்ஸ்பெக்டர் முத்திரையின் மேல் விரலை வைத்துச் சொன்னார்.

"சீல் நீங்க அங்க இருந்தத சொல்லுது. அடிச்சது யார் எண்டு சொல்லல்ல. பெஞ்சாதிட தம்பிக்காக நீங்க பொய் சொல்லலாம்."

உள்ளேயிருந்து கனகசுந்தரத்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் தாங்கித்தான் நின்றான். ஒரு கண் மூடிப்போயிருந்தது, காது மடல் கிழிந்திருந்தது, காற்சட்டை நனைந்து காய்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் அவனுடைய வலது கையை மேசைமேல் விரித்துவைக்கச் சொன்னார். சுவரில் தொங்கிய குண்டாந்தடியை எடுத்துச் சோமசேகரத்திடம் நீட்டினார்.

"மூணு விரல் உடைச்சான் எண்டு சொன்னீங்க. திருப்பிக் குடுங்க. சொந்தக்காரனைக் காப்பாத்த வந்த ஆள் தட்டிப்போட்டு விடுவான். உண்மையா அடிவாங்கின ஆள்தான் அடிப்பான். நான் பாத்தா எனக்குத் தெரியும்."

சோமசேகரம் தடியை இடது கையில் வாங்கினார். அது நினைத்ததைவிடப் பாரம். கனகசுந்தரத்தின் விரல்கள் மேசையில் விரிந்து கிடந்தன. இந்தக் கையைத்தான் முதன்முதல் எழுத்துக்கு அவர் பிடித்து வழிநடத்தினார். தடி உயர்ந்து, மெல்ல விழுந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு, இவனைக் கொழும்பு லொறியில் ஏற்று என்று சிங்களத்தில் சொன்னார்.

கனகசுந்தரம் உடைந்த வாயால் பேசினான்.

"அத்தான், அடியுங்கோ. மெல்ல அடிச்சா என்னைத் தூக்கில போட்டிடுவாங்கள்."

அவர் அடித்தார். சின்னவிரல் நசுங்கியது. அவன் சத்தமே போடவில்லை, மூடாத கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மோதிரவிரல். கை அதன் பாட்டில் பழகிக்கொண்டுவிட்டது. நடுவிரலுக்கு அவர் தோளிலிருந்து வீசினார். மேசை அதிர்ந்தது, முத்திரை எழும்பித் தரையில் விழுந்தது. அதன்மேல் ஒரு கொன்ஸ்தாப்பிளின் சப்பாத்து ஏறி நின்றது. இன்ஸ்பெக்டர் போதும் என்று கையைக் காட்டினார்.

சோமசேகரம் அந்தச் சப்பாத்தைப் பார்த்தார். இருபத்துமூன்று வருஷம். ஒன்றுகூடத் தவறவிட்டதில்லை. தடி நாலாம் தரம் உயர்ந்தது, நிற்கவில்லை.

மூன்றையும் வாய்திறவாமல் வாங்கினவன் சுட்டுவிரலுக்குக் கத்தினான். நாலாவது வரும் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. களஞ்சியத்தின் தகரக் கூரை முழுக்க அந்தச் சத்தம் நின்றது. இன்ஸ்பெக்டரே எழுந்துவிட்டார். தடியைப் பிடுங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, உண்மை, உண்மை என்று இரண்டு தரம் சொல்லிக்கொண்டு, விடுதலைக் கடதாசியில் கையெழுத்து வைத்தார். முத்திரையை எடுத்துக் கொடுத்தபோது சோமசேகரம் அதை வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே மேசையில் அதே ஓடலி அதே மாதிரிக் கட்டொன்று போட்டான். இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். வழியில் கனகசுந்தரம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று சோமசேகரத்துக்கு இருந்தது. கேட்டால் அழலாம், காலில் விழலாம், ஏதோ ஒன்று செய்யலாம். பெடியன் நொண்டிக்கொண்டு வந்தான்.

புஸ்பராணி இருவரையும் ஒரே பாயில் இருத்தினாள். இரண்டு வலது கையும் கட்டுக்குள் இருந்தன. இடது கையால் சாப்பிட அந்த வீட்டில் எவரையும் அவள் விட்டதில்லை. ஒரே கோப்பையில் சோற்றைக் குழைத்து, இதமாகத் தேங்காய்ப் பால்சொதி ஊற்றி, ஒரு கவளம் புருஷனுக்கும் ஒரு கவளம் தம்பிக்குமாக மாறி மாறி ஊட்டினாள். இரண்டு பேரும் அவளுடைய பிள்ளைகள் மாதிரி வாயைத் திறந்தார்கள். நடந்ததைச் சோமசேகரம் சுருக்கமாகச் சொன்னார். சொல்லும்போது அவளுடைய கண் தம்பியின் கட்டில் நின்றது. புருஷனுடைய கட்டுக்கு வெளியே பெருவிரலும் சுட்டுவிரலும் நீட்டிக்கொண்டிருந்தன. தம்பியுடையதில் பெருவிரல் மட்டும்தான் இருந்தது.

"உங்களுக்கு மூண்டுதானே உடைச்சவன்?" என்று கேட்டாள்.

சோமசேகரம் தன் கட்டுக் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஓம் அக்கா, மூண்டுதான்" என்றான் கனகசுந்தரம். "அந்த இன்ஸ்பெக்டர்தான் நாலு கேட்டவன். அத்தான் என்ன செய்யிறது?"

அவள் இருவர் முகத்தையும் பார்த்தாள். புருஷனின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தாள். பிறகு அடுத்த கவளத்தை உருட்டினாள். முறைப்படி அது புருஷனுடையது. அவர் வாயைத் திறந்தபடி இருந்தார். அவள் அதைத் தம்பிக்கு ஊட்டினாள். அதற்கடுத்ததையும் தம்பிக்கே ஊட்டினாள்.